பதினாலு வயது வண்டி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். கால் வீக்கம் மட்டும் சாயங்காலமானால் எட்டிப் பார்க்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கொடுக்கிற ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் நீ இருமியே போய்விடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை நாள் ரயிலில் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்க்க இப்போது தோதுப்படவில்லை.

ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன். டிரைவரோடு சேர்த்து ஏழு பேர் உட்காருகிற வேன். வயது பதினாலு. விற்றவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். "என் பொண்ணு மாதிரி பாத்துக்கிட்ட வண்டிம்மா" என்றார். அவர் பெண்ணை நான் பார்த்ததில்லை. வண்டியின் தள்ளு கதவு பாதிக்கு மேல் திறக்காது.

பணத்துக்கு நம் ஒர்க்ஷாப் ஷெட்டில் இருந்த கம்ப்ரஸரையும் லிஃப்டையும் விற்றுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டாய், பேசாமல் இருப்பாய். அது இன்னும் கஷ்டம். நீ உள்ளே போன பிறகு ஷெட்டுக்கு சீட் கவர் தைக்கக்கூட ஒருவரும் வருவதில்லை. வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்கினால் என் வயிற்றுப்பாட்டுக்கு ஆகும்.

இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தோம். சீட்டுக்கு மேலே இருப்பது எனக்குத் தெரியும், கீழே இருப்பது உனக்குத் தெரியும். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. பைண்டிங் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கப் பசை வாடை, மற்றபடி உட்கார்ந்த வேலை. கால் வீக்கத்தோடு நீ கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்று ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார்த்து வாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இங்கே வருகிற கடிதங்களை ஜெயில் ஆபீசில் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உன் கடிதத்தை எழுத்தர் இரண்டு தடவை படித்தாராம். அவரிடமும் இதே மாதிரி பழைய வேன் இருக்கிறதாம். "பதில்ல கியர் பாக்ஸ் பத்திக் கொஞ்சம் விவரமா எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றார். ஆகவே இது இரண்டு பேருக்கு எழுதும் கடிதம்.

முதலில் கியர் ஆயில். குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார். சிவப்பாக இருந்தால் நல்லது. டீ நிறம் என்றால் மாற்ற வேண்டும். கருகல் வாடை அடித்தால் எனக்கு எழுது. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது பல் டாக்டரிடம் இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் மாற்றியதாக நினைக்காதே, அது அறுந்தால் எஞ்சின் போய்விடும். ரேடியேட்டர் தண்ணீரில் துரு மிதக்கிறதா பார். தள்ளு கதவுக்கு மோட்டாரே மாற்ற வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். நம்பாதே. கீழே இருக்கிற ரோலர் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

லிஃப்டை விற்றது சரிதான். எனக்கு வருத்தமில்லை.

பஸ் முதலாளி எப்போதாவது வீட்டுப் பக்கம் வந்து விசாரித்தாரா?

தம்பி


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். பசை வாடைக்கு ஜன்னல் பக்கமாக இடம் கேட்டுப் பார்.

ஆட்டோமேட்டிக்தான். ஆயில் சிவப்பாகவே இருக்கிறது. பெல்ட்டுக்கு ரசீது இல்லை. "மாத்தின மாதிரிதான் ஞாபகம்" என்றார் பல் டாக்டர். நாக்கில் எலும்பில்லை. மாற்றிவிட்டேன், கூடவே தண்ணீர் பம்ப்பையும். ஒரு மாத வருமானம் அதோடு சரி. கதவுக்கு நீ சொன்ன மாதிரியே ரோலர்தான். பாக்கு அளவு சாமான். ஆனால் அதை மாட்ட முழுக் கதவையும் இறக்க வேண்டும் என்று இரண்டு நாள் கூலி வாங்கிவிட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வண்டியை விடுவது சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில். மெக்கானிக்குக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். வேலை மோசமில்லை. தான் செய்ததைத் தானே திரும்ப ஒரு தடவை பார்க்கிறார், அது எனக்குப் பிடித்தது.

சீட் ஏழுக்கும் புது உறை தைத்துப் போட்டேன். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. ஒரு நடைக்கு ஆறு பேர், அதற்கு மேல் ஏற்றுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னல் பக்கம் இடம் கிடைத்துவிட்டது. எழுத்தர் தன் வண்டியில் பெல்ட் மாற்றிவிட்டாராம், அவரிடமும் ரசீது இல்லையாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

யார் யார் வருகிறார்கள் உன் வண்டியில்? எந்த வேலைக்குப் போகிறார்கள்? நீ சீட் உறையின் தையலைப் பற்றி எழுதுகிறாய், அதில் உட்காருகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதலாளி வந்தாரா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன்.

கால் வீக்கத்துக்குப் படுக்கும்போது தலையணையைக் காலுக்குக் கீழே வை.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

தலையணை வைத்துப் படுக்கிறேன், குறைந்திருக்கிறது. பதில் தாமதம். வண்டி வேலை வைத்துவிட்டது.

முன் பிரேக் பேடு இரண்டு பக்கமும் தேய்ந்து இரும்பு தெரிகிறது. மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. சாமான் போலி என்று 'நாளைக்கு' கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். டிஸ்க்கும் ஒரு மாதிரி நீலம் பாய்ந்திருக்கிறது. கியர் ஆயில் பழுப்பாகி லேசாகக் கருகல் வாடை வருகிறது. எழுதச் சொன்னாயே என்று எழுதுகிறேன். இந்த மாதம் வந்தது எல்லாம் வண்டிக்கே போயிற்று. சம்பாதிப்பது நானா அதுவா என்று தெரியவில்லை, சாப்பிடுவது அதுதான்.

வருகிற பெண்கள் எல்லோரும் நல்லவர்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரி வேலை. சமையல்கட்டு, வார்டு துடைப்பது, சலவைப் பிரிவு. அதில் ஒருத்திக்கு வாய் ஓயாது. "அக்கா, இந்த வண்டிக்கும் என் வயசுதான் இருக்கும் போல, எனக்கும் முட்டி இப்படித்தான் சத்தம் போடுது" என்கிறாள். மற்றவர்கள் பேசாமல் வருவார்கள்.

வெயில் ஏறிவிட்டது. நிறையத் தண்ணீர் குடி.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தண்ணீர் குடிக்கிறேன்.

கடைக்காரர் பாவம், அவரை விட்டுவிடச் சொல். சாமான் போலி இல்லை. டிஸ்க்கில் நீலம் பாய்வது சூட்டினால். காலை எடுக்காமல் ஒரே மூச்சாகப் பிரேக் மிதித்துக்கொண்டே இறங்கினால்தான் அந்தச் சூடு வரும். கியர் ஆயில் கருகுவது ஆள் நிரம்பிய வண்டி மேட்டில் ஏறுவதால். நம் ஊர் பலகை மாதிரித் தட்டை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுகிற வண்டியில் பத்து வருடம் ஓடினாலும் இது வராது.

நீ தினமும் எங்கேயோ ஏறி இறங்குகிறாய். எங்கே?

தம்பி


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆறு வாரம் பதிலுக்குக் காத்திருந்தேன். போனில் கேட்டபோது "எழுதறேன்" என்றாய். போன மாதம் கேட்டபோதும் அதையே சொன்னாய்.

ஏறி இறங்க அங்கே ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அது எனக்கு மே மாதமே தெரியும். நீயே சொல்லட்டும் என்று கேட்டேன்.

மேட்டுக் குடியிருப்பு. ஏழு வளைவு. பஸ் போன பாதை.

ஆமாம் என்றால் ஆமாம் என்று மட்டும் எழுது.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம்.

நான் நன்றாக இருக்கிறேன். உன்னைக் கவலைப்பட வைத்தது தப்பு.

அந்த பஸ் ஐந்தாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த பிறகு மேட்டுக்கு வேறு பஸ் விடவில்லை. அவர்கள் நடந்து இறங்கி நடந்து ஏறினார்கள். போகையில் ஒரு மணி, வரும்போது ஒன்றரை மணி. ஆஸ்பத்திரி வாசலில் ஒருநாள் பார்த்தேன், ஆறு மணி ஷிப்டுக்கு வந்தவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். குதிகால் வெடித்து ரத்தம். அதற்கு அடுத்த வாரம் கம்ப்ரஸரை விற்றேன்.

உன்னிடம் சொன்னால் அந்தப் பாதையை நீ மனதில் தினமும் ஓட்டிப் பார்ப்பாய் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. கண்டக்டர் மனைவி என் வண்டியில்தான் வருகிறாள். பஸ்ஸில் செத்த மூன்று பேரில் அவள் புருஷன் ஒருவர், உனக்குத் தெரியும். சலவைப் பிரிவில் வேலை. கடைசி வரிசையில் உட்காருவாள். முதல் நாள் நான் கதவைத் திறந்தபோது ஏறாமல் வெளியிலேயே நின்றாள். "நீங்க யாருன்னு தெரியும்" என்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடுங்க, நேரமாகுது" என்றாள். அதற்குப் பிறகு ஐந்து மாதமாக ஒரு பேச்சும் இல்லை.

முதலாளி வந்தாரா என்று கேட்டாய். வரவில்லை. ஒருநாள்கூட வரவில்லை.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் எழுத்தர் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் வண்டி. பின் அச்சுக்கு மேலே, இடது பக்கம், பிரேக் குழாய் ஒன்று போகும். பழைய வேன்களில் அங்கே சேறு அப்பிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே குழாய் துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. 'நாளைக்கு'விடம் சொல்லி அந்தச் சேற்றைச் சுரண்டச் சொல். பிறகு வண்டியை நிறுத்திவைத்து, ஒரு ஆள் பெடலை முழு பலத்தோடு மிதிக்கட்டும். இதை நாளைக்கு என்று விடக் கூடாது. அதுவரை மேட்டுக்குப் போகாதே. இறங்கும்போது எப்போதும் சின்ன கியரில் பூட்டி இறங்கு, பிரேக்கை விட்டு விட்டு மிதி.

இனி பஸ். தகுதிச் சான்றுக்கு நம் ஷெட்டுக்கு வந்த அன்று பின் சக்கரத்தைக் கழற்றினேன். நீ உள்ளே தையல் மிஷினில் இருந்தாய். பிரேக் சிலிண்டரில் கசிவு, பிரேக் லைனிங் ஆணி தெரியத் தேய்ந்திருந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "அடுத்த வாரம் மாத்திடலாம்ப்பா. இன்னிக்குப் பேப்பர் வரலைன்னா மேட்டு ரூட்டு கைய விட்டுப் போயிடும்" என்றார். சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆறாவது நாள் அது நடந்தது.

கோர்ட்டில் நான் சக்கரத்தைக் கழற்றவே இல்லை என்று சொன்னேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டேன், கவனக்குறைவு என்றேன். "நீ ஒத்துக்க, உங்க அக்காவ நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னார். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கவனக்குறைவு என்றால் தப்பு. தெரிந்தே போட்ட கையெழுத்து என்றால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரோடு உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன்.

தம்பி


ஆகஸ்ட் 10

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றே வண்டியை விட்டேன். 'நாளைக்கு' சேற்றைச் சுரண்டினார், குழாய் இலை நரம்பு மாதிரி இளைத்திருந்தது. ஏறி உட்கார்ந்து மிதித்தார். மூன்றாவது மிதிக்குக் குழாய் வெடித்துப் பிரேக் ஆயில் சுவரில் அடித்தது. இறங்கி வந்து வெடித்த இடத்தை விரலால் தடவினார். "இதை யாரும் பாக்கச் சொல்ல மாட்டாங்களே" என்றார். குழாய் முழுவதையும் முன்னிருந்து பின்வரை மாற்றினோம். ஒன்பது நாள். செலவு வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு, பாதிதான் இப்போது வாங்கிக்கொண்டார்.

ஒன்பது நாளும் எல்லோரும் நடந்தார்கள். பத்தாம் நாள் வண்டியோடு போனபோது ஏன் நின்றது என்று கேட்டார்கள், சொன்னேன். வாய் ஓயாதவள், "யாரு அக்கா பாக்கச் சொன்னது?" என்றாள். "தம்பி" என்றேன்.

மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து கண்டக்டர் மனைவியின் குரல். "அந்த பஸ்ஸ அவர் பாக்கலையா?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கோர்ட்டிலும் அதுதான் பதிந்திருக்கிறது.

"பாத்தான்" என்றேன். "அவனுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும்."

"கதவத் திறங்க" என்றாள். திறந்தேன். இறங்கி நடந்து போனாள். மற்ற ஐந்து பேரும் இறங்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஏறுவதில்லை. தினமும் அவளைத் தாண்டித்தான் போகிறேன், வேகத்தைக் குறைக்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

சந்தைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மேட்டுப் பாதையில் இரண்டு பஸ் விட முதலாளி மறுபடி விண்ணப்பித்திருக்கிறாராம். ஆட்சேபம் இருந்தால் அக்டோபருக்குள் சொல்ல வேண்டுமாம். உனக்குத் தெரிவிக்கிறேன். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை.

உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய் என்று தெரியவில்லை.

அக்கா


செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது.

ஜூலைக் கடிதத்தை எழுத்தர் இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தாராம். பிறகு கூப்பிட்டார். "கடிதத்த நான் அனுப்பிட்டேன். அதுல இருக்கறது வீட்டு விஷயம். மேல போகணும்னா நீங்க தனியா எழுதிக் கொடுக்கணும்" என்றார். அப்போது பைண்டிங் வேலைக்கே திரும்பிப் போய்விட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் போய்க் காகிதம் கேட்டேன். நான்கு பக்கம் வந்தது. எந்தச் சக்கரம், எந்த ஆணி, அவர் எங்கே நின்று குனிந்தார் என்று எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வக்கீல் வந்தார். கோர்ட்டில் பொய் சொன்னதற்கு ஒன்று, தெரிந்தே சான்று கொடுத்ததற்கு ஒன்று, இரண்டும் சேர்ந்து கூட இரண்டு வருடம் வரலாம் என்றார். மூன்றாகவும் ஆகலாம். "வாபஸ் வாங்க இன்னும் டைம் இருக்கு" என்றார். வேண்டாம் என்றேன். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

கியர் ஆயிலை மொத்தமாக மிஷின் வைத்துக் கழுவி மாற்றலாம் என்பார்கள். பழைய கியர் பாக்ஸில் அது வேண்டாம், இருக்கிற அழுக்கும் கிளம்பிக் கெடுத்துவிடும். வடிய விட்டு, வடிந்த அளவுக்குப் புதியது ஊற்று. மாதம் ஒரு தடவை இப்படிச் செய்தால் போதும். ஆயில் கூலர் ஒன்று சின்னதாகக் கிடைக்கும், பழைய சாமான் கடையிலேயே கேட்டுப் பார்.

கண்டக்டர் வீட்டு அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். எனக்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

தம்பி


நவம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. புது வழக்கு விசாரணை தள்ளிப் போயிருப்பதாக வக்கீல் சொன்னார். அடுத்த மாதம் ரயிலுக்குச் சீட்டுப் போட்டிருக்கிறேன். நான்கு நாள் வண்டி ஓடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் இரண்டு அதிகாரிகள் வந்து ஷெட்டைத் திறக்கச் சொன்னார்கள். உன் பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்துப் போனார்கள். முதலாளியின் விண்ணப்பத்தை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். கைது ஒன்றும் இல்லை, அவர் வீட்டு வாசலில் கார் நிற்கத்தான் செய்கிறது. என்ன ஆகும் என்று தெரியவில்லை. மேட்டுக்கு இன்னும் பஸ் வரவில்லை, நான்தான் ஓட்டுகிறேன். ஆயில் கூலர் கிடைத்தது. மாட்டியாயிற்று. ஆயில் சிவப்பாக இருக்கிறது.

கண்டக்டர் மனைவி அதிகாரிகளிடம் போய் வாக்குமூலம் கொடுத்ததாக வாய் ஓயாதவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதிக் கொடுத்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நடந்துதான் போனாள், நடந்துதான் வந்தாள்.

நேற்று மாலை கடைசி நடை. முதல் வளைவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தலையில் உருளைக்கிழங்கு மூட்டை, பத்துக் கிலோவுக்குக் குறையாது. வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன். கையைக் காட்டினாள். நிறுத்திக் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தவர்கள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் மூட்டையை இறக்கிப் படியில் வைத்தாள். "இத மட்டும் கொண்டு போங்க. நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

சரி என்றேன். கதவைச் சாத்தினேன். சின்ன கியரில் ஏறினேன். மேலே எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, மூட்டையைத் தரையில் வைக்க மனம் வரவில்லை. வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மீதியை நேரில் பேசுவோம்.

அக்கா